வாக்கு மீறப்பட்டபோது: 1921 பிப்ரவரியில் ஆர்மீனியா

வணக்கம் நண்பர்களே. 1921 பிப்ரவரியில் ஆர்மீனியாவில் சோவியத் ஆட்சிக்கு எதிராக வெடித்த எழுச்சியைப் பற்றி இன்று பேசுகிறேன். பொதுவுடைமையை வெறுத்தவர்களின் கலகம் என்று அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கோ அது, கொடுத்த வாக்கு மீறப்பட்டதால் மூண்ட போராகவே படுகிறது.

துருக்கியிடம் தோற்று, கார்ஸ் நகரையும் பறிகொடுத்து நின்ற ஆர்மீனியக் குடியரசு, 1920 டிசம்பர் 2 அன்று சோவியத் ரஷ்யாவுடன் உடன்பாடு செய்துகொண்டு ஆட்சியை ஒப்படைத்தது. படை அதிகாரிகளும், அதுவரை ஆண்ட தாஷ்நாக் கட்சியினரும் பழைய செயல்களுக்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று அந்த உடன்பாடு உறுதியளித்தது. தலைநகர் யெரெவானுக்கு வந்த பொதுவுடைமையாளர்களின் புரட்சிக்குழு அந்த உறுதியை மதிக்கவே இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அதிகாரிகள் ஜனவரிப் பனியில் கால்நடையாக நாடு கடத்தப்பட்டார்கள். 1918இல் சர்தாராபாத்தில் துருக்கிப் படையைத் தடுத்து நிறுத்திய தளபதி சிலிக்யானுக்கும் சிறையும் நாடுகடத்தலுமே கிடைத்தன என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. பசியில் வாடிய சிற்றூர்களில் இருந்த தானியத்தையும் வீடு வீடாகப் பறித்தார்கள்.

சோவியத் இராணுவமான செம்படையின் பெரும்பகுதி ஜார்ஜியாவைக் கைப்பற்றச் சென்றிருந்த வேளையில் மக்கள் கிளர்ந்தெழுந்து, பிப்ரவரி 18 அன்று யெரெவானைப் பிடித்தார்கள். குடியரசின் முதல் பிரதமர் கஜஸ்னூனி உள்ளிட்ட கைதிகள் விடுதலையானார்கள். ஆனால் படைத்தலைவர் ஹமசாஸ்ப் அதற்குள் சிறையிலேயே கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார். சீமோன் வ்ரத்சியான் தலைமையில் தாயக மீட்புக்குழு ஆட்சியை ஏற்றது. வெளியுதவி எதுவும் வராத நிலையில், மார்ச் மாதத்தில் அக்குழு துருக்கியிடமே உதவி கேட்டது. ஒட்டோமான் துருக்கி ஆட்சியில் ஆர்மீனியர்கள் மீதான இனப்படுகொலை நிகழ்ந்து ஆறே ஆண்டுகள் கடந்திருந்த நிலையில் அந்தக் கடிதத்தை எழுத நேர்ந்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

ஜார்ஜியாவில் வேலையை முடித்துத் திரும்பிய செம்படை ஏப்ரல் 2 அன்று யெரெவானை மீட்டது. போராளிகளும் ஆயிரக்கணக்கான குடிமக்களும் தெற்கே, ஆர்மீனியப் படைத்தலைவர் கரேகின் நஷ்தேயின் பிடியிலிருந்த சங்கெசூர் மலைநாட்டுக்குப் பெயர்ந்தார்கள். அங்கே மலைநாட்டு ஆர்மீனியக் குடியரசு ஏப்ரல் இறுதியில் அறிவிக்கப்பட்டது. அதே ஏப்ரலில் லெனின், ரஷ்யாவின் வழியை அப்படியே பின்பற்றாமல் நிதானத்தோடும் விட்டுக்கொடுத்தும் நடக்குமாறு காக்கேசியப் பொதுவுடைமையாளர்களுக்கு எழுதினார். சோவியத் ஆர்மீனியாவின் தலைவராகப் புதிதாக அனுப்பப்பட்ட மியாஸ்னிக்யான் அந்த மென்மையான வழியில் ஆட்சி நடத்தினார். சங்கெசூர் அசர்பைஜானுக்குப் போகாமல் சோவியத் ஆர்மீனியாவிலேயே நிலைத்தது. இன்றைய சியூனிக் மாகாணம் அதுவே. அதைக் காத்து நின்ற நஷ்தேயும் தோழர்களும் ஜூலையில் அராஸ் ஆற்றைக் கடந்து பாரசீகத்துக்குப் போனார்கள்.