இனிப்பு மாத்திரையும் எலியின் விந்தணுவும்

நேயர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் நண்பர் ஒருவர் தம் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, "பாருங்க அண்ணே, இனிப்பு மாத்திரை போட்டா ஆண்மை போயிடுமாம்" என்றார். அச்செய்தி எலிகளிடம் நடந்த சோதனையைப் பற்றியது. ஆனால் எலி என்ற சொல்லே அதில் இல்லை.

அத்தகைய சோதனைகளில், இனிப்பு மாத்திரைகளில் சேர்க்கப்படும் செயற்கை இனிப்பூட்டியான அஸ்பார்டேமை நாள்தோறும் மெல்லிய குழாய்வழி எலியின் வயிற்றில் செலுத்துவார்கள். எலியின் உடலில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 52 நாள் ஆகுமாதலால், சில வாரங்களில் முடிந்துவிடும் சோதனை முழுச் சுழற்சியைக் காட்டாது. இறுதியில், விந்தகத்தின்மேல் ஒட்டியிருக்கும் சுருள்குழாயின் வால்பகுதியை வெதுவெதுப்பான உப்புநீரில் நறுக்கிப் போட்டு, வெளிவரும் கலங்கல் நீரில் ஒரு சொட்டைக் கட்டமிட்ட கண்ணாடியில் வைத்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். விந்தணு எண்ணிக்கையும் நீந்தும் வேகமும் ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனும் குறைந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன.

"எலிக்கு வண்டி வண்டியாகக் கொடுத்திருப்பார்கள்" என்று தள்ளிவிடுவதும் முறையன்று. அவற்றுள் சில, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற அளவிலேயே தொடங்குகின்றன. மனிதருக்கான நாள்வரம்பும் அதுவே. அதே வேளையில், அஸ்பார்டேமிலிருந்து பிரியும் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறும்போது எலி அதை நம்மைவிட விரைவாக அகற்றிவிடுகிறது என்பதால், சில ஆய்வாளர்கள் முதலில் மருந்து கொடுத்து, அந்த அமிலத்தை அகற்ற உதவும் ஃபோலேட் என்ற வைட்டமினை எலியின் உடலில் குறைத்துவிடுகிறார்கள். அந்த எலியை இயல்பான எலியாகக் கருத என் மனம் ஒப்பவில்லை.

விந்தகப் பாதிப்பு உண்மையிலேயே வரம்பை நிர்ணயித்த செயற்கை இனிப்பூட்டி வேறொன்று: சைக்ளமேட். குடல் நுண்ணுயிர்கள் அதைச் சைக்ளோஹெக்சைலமினாக மாற்றக்கூடும். அச்சேர்மம் எலியின் விந்தகத்தைச் சுருங்கச் செய்தது. சுண்டெலியிடம் அந்தப் பாதிப்பு தென்படவில்லை. மனிதரிலும் பலருடைய குடல் அதை மாற்றுவதே இல்லை. இருந்தும், உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான பன்னாட்டு நிபுணர் குழு 1982இல், அந்த எலி முடிவை அடிப்படையாகக் கொண்டே, கிலோவுக்கு 11 மில்லிகிராம் என வரம்பு வகுத்தது. எலியின் சாட்சியம் எடுபடுவது இப்படித்தான்: மாற்றம் எந்தச் சேர்மத்தால், எந்த அளவில், எந்த விலங்கில் என்று துலங்கிய பிறகு.

அஸ்பார்டேமை 2023இல் மறுபடியும் ஆராய்ந்த அதே குழு, 40 மில்லிகிராம் வரம்பை மாற்றவில்லை. நண்பரின் எடை 70 கிலோ. ஒரு கலன் (கேன்) பானத்தில் 200 முதல் 300 மில்லிகிராம் இருந்தால், வரம்பைத் தாண்ட அவர் ஒரே நாளில் ஒன்பது முதல் பதினான்கு கலனுக்கு மேல் குடித்தாக வேண்டும். அவர் தேநீரில் போடுவதோ இரண்டே மாத்திரை.

கணக்கைக் கேட்டுவிட்டு, "அப்போ நியூட்ரி-கிரேட்ல இது சேர்த்த பானத்துக்கு ஏன் 'ஏ' கொடுக்கலை?" என்றார். நல்ல கேள்வி. பானங்களுக்கு 'ஏ' முதல் 'டி' வரை தரமிடும் அந்த முறையில், இனிப்பூட்டி சேர்த்த பானத்திற்குச் சிங்கப்பூரில் 'ஏ' தரம் கிடையாது. ஆனால் அவ்விதி விந்தணுவை நினைத்து எழுதப்பட்டதன்று, இனிப்புச் சுவைக்கே நாக்கு பழகிவிடக் கூடாது என்பதற்காக.