அந்த 'டக்' சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். முதுகெலும்பைக் கையால் அழுத்தி அசைக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சை என்றதும் பலருக்கும் ஒரு சத்தம்தான் நினைவுக்கு வரும். குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் கைவைத்துச் சட்டென்று ஓர் அழுத்து, 'டக்'. விலகிய எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். அப்படி எதுவும் நடப்பதில்லை. விரலில் நெட்டி முறித்தால் வருகிறதே, அதே சத்தம்தான். மூட்டுக்குள் வழவழப்பான ஒரு திரவம் உண்டு. மூட்டு சட்டென்று விரியும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருக்கும் வாயு குமிழியாகிறது. அதனால்தான் ஒருமுறை நெட்டி முறித்த விரல் உடனே மறுபடி சொடுக்காது. சுமார் 20 நிமிடம் ஆக வேண்டும். இப்போதே சோதித்துப் பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் மட்டும் அப்புறம்.

இந்தச் சிகிச்சையை 1895-இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் தொடங்கியவர் டேனியல் டேவிட் பால்மர். அதற்கு முன் காந்த சிகிச்சை செய்துவந்தவர். காது மந்தமான ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகெலும்பை அழுத்தினேன், காது கேட்டது என்றார். அதோடு விடாமல், பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்புப் பிசகே காரணம் என்றும் சொல்லிவிட்டார். அறிவியல் அதை ஏற்கவில்லை. ஆஸ்துமாவுக்கும் காதுக்கும் முதுகைக் காட்டிப் பயனில்லை.

சரி, எதற்குத்தான் போவது? கீழ்முதுகு வலிக்கு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கக்கூடியவற்றில் சூட்டு ஒத்தடம், மசாஜ் இவற்றோடு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் இந்த முறையும் இருக்கிறது. பலன் ஓரளவுதான், உடற்பயிற்சியை ஓரம்கட்டும் அளவுக்கு இல்லை. சத்தம் வரவில்லை என்றால் பணம் வீணென்று நினைக்க வேண்டாம். வலி குறைவதற்கு அந்தச் சத்தம் தேவையில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கழுத்து விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். கழுத்தை வேகமாகத் திருப்பிய பிறகு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததாக அரிதாகச் செய்திகள் உண்டு. திருப்பியதுதான் காரணமா, ஏற்கெனவே கிழிந்திருந்ததால் வந்த வலிக்குத்தான் அவர்கள் போனார்களா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. கழுத்தைத் தொடுமுன் என்ன செய்யப்போகிறார் என்று சிகிச்சை தருபவரிடம் கேளுங்கள்; வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எலும்புத் தேய்மானம், புற்றுநோய், ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதுகுவலியோடு காய்ச்சல், கால் துவளுதல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று போக வேண்டிய இடம் மருத்துவமனை, அதுவும் உடனே.