ஓடிப்போனவரின் கையெழுத்து

விழாத் தலைவர் அவர்களே, பணி ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, வாழ்த்துரை வழங்கிய வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் இடமிருந்தும் கீழேதான் உட்காருவேன் என்று பிடிவாதமாக முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் சீனியர் ஐயா அவர்களே, குழந்தைகள் நலக்குழுவிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். நீதிபதி ஐயா முன்னால் எத்தனையோ முறை நின்று பேசியிருக்கிறேன். அவர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் நான் பேசுவது இன்றுதான். அதற்காகவே இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த செயலாளருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சால்வையை மடித்து வைத்துவிட்டேன், கோபிக்காதீர்கள், புழுக்கம்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, பல வருடம் காணாமல் போயிருந்த அப்பா திரும்பி வந்து, தன் பிள்ளையைத் தத்துக் கொடுத்தது செல்லாது என்று வழக்குப் போட்டால் சட்டம் என்ன சொல்கிறது. இரண்டு, அந்தப் பிள்ளையின் சொத்துரிமை. மூன்று, அப்பாக்கள் பக்கத்து நியாயம்.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று சொல்லுவோம். கடவுளை நம்பிச் சொன்ன சொல். நீதிமன்ற வராந்தாவில் கொஞ்ச காலம் நின்றவர்களுக்கு அதில் சந்தேகம் வந்துவிடும். வைத்தவன் வைத்ததோடு போய்விடுகிறான். ஊற்றுகிறவன் வேறு ஆள். காய்க்கிற பருவத்தில் வைத்தவன் வந்து, "கன்று என்னுடையது" என்கிறான்.

1956-ஆம் வருடத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்பதாவது பிரிவு. 2010 வரைக்கும், அப்பா உயிரோடு இருந்தால் பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் உரிமை பொதுவாக அவருக்குத்தான். 2010-இல் திருத்தினார்கள். அம்மாவுக்கும் சம உரிமை வந்தது, மகிழ்ச்சி. ஆனால் ஒருவர் கொடுக்க மற்றவர் சம்மதம் வேண்டும். சம்மதம் தேவையில்லை என்பதற்கு மூன்றே விலக்கு. அவர் உலகத்தை முற்றாகத் துறந்திருக்க வேண்டும், அல்லது இந்து அல்லாதவராக மாறியிருக்க வேண்டும், அல்லது புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். அதாவது காவி கட்டிக்கொண்டு காசிக்குப் போன அப்பாவின் கையெழுத்து வேண்டாம். லுங்கி கட்டிக்கொண்டு அடுத்த தெருவில் இன்னொரு குடும்பம் நடத்துகிறவரின் கையெழுத்து வேண்டும்!

கைவிடுதல் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்காமல் விட்டார்களா என்றால், இல்லை. அதே பிரிவில் நாலாவது உட்பிரிவில் இருக்கிறது. தாய் தகப்பன் இருவரும் பிள்ளையைக் கைவிட்டிருந்தால், நீதிமன்ற அனுமதியோடு காப்பாளர் தத்துக் கொடுக்கலாம். இருவரும் ஓடினால் வழி உண்டு. ஒருவர் ஓடி ஒருவர் நின்றால், நின்றவளுக்கு வழி இல்லை.

இதே நாட்டில் புருஷன் இரண்டு வருடம் தொடர்ந்து கைவிட்டுப் போனால் மனைவி விவாகரத்துக் கேட்கலாம். ஏழு வருடம் சேதியே இல்லை என்றால் இறந்ததாகவே அனுமானிக்கலாம். அனாதையாகவோ கைவிடப்பட்டோ கிடைத்த குழந்தை என்றால், நாளிதழில் படம் போட்டுத் தேடிப் பார்த்து, இரண்டு வயதுக்குள் இருந்தால் இரண்டு மாதத்திலும் அதற்கு மேல் என்றால் நாலு மாதத்திலும், தத்துக் கொடுக்கத் தகுதியானது என்று நலக்குழு அறிவிக்க வேண்டும். 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இத்தனை கெடு வைத்தவர்களுக்கு, ஓடிப்போன அப்பாவுக்கு ஒரு கெடு வைக்க மனம் வரவில்லை.

கெடு என்றதும் ஞாபகம் வருகிறது. தத்து செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி வழக்குப் போட மூன்று வருடம் காலவரம்பு. எப்போதிலிருந்து? வழக்குப் போடுகிறவருக்குத் தத்து தெரியவந்த நாளிலிருந்து. ஆகவே பக்கத்திலேயே இருந்தவருக்குக் கெடு ஓடி முடிந்துவிடும். தொலைந்து போனவருக்கோ, சாவகாசமாகத் திரும்பி வந்து கேள்விப்பட்ட அன்றுதான் ஆரம்பம்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். எதிர்த்தரப்பில் ஆஜரான நண்பர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார், சிரிக்கிறார் பாருங்கள்.

ஒரு பெண் குழந்தை. இரண்டு வயது நிரம்புமுன் அப்பா வெளிநாட்டு வேலைக்குப் போனார். ஆறு மாதம் பணம் வந்தது, அப்புறம் கடிதம்கூட இல்லை. அம்மா காத்திருந்து பார்த்துவிட்டு விவாகரத்து வாங்கினாள். அவர் ஆஜராகவில்லை, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. பிறகு ஒரு பஸ் கண்டக்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். குழந்தைக்கு ஆறு வயதில் கண்டக்டர் பேருக்குத் தத்துப் பத்திரம் பதிவானது. அப்பாவின் சம்மதம் என்ற இடத்தில், இருப்பிடம் தெரியவில்லை என்று எழுதினார்கள். அந்தப் பெண் ஒன்பதாவது படிக்கும்போது அவர் ஊர் திரும்பினார். அடுத்த மாதமே வழக்கு.

கூண்டில் ஏறினார். நான் குறுக்கு விசாரணை.

"மகள் என்ன படிக்கிறாள்?"

"பத்தாவது." சரியான பதில், வக்கீல் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

பதில் இல்லை.

"கண்ணாடி போட்டிருக்கிறாளா?"

நான் இந்தக் கேள்வியைத் திட்டம் போட்டுக் கேட்கவில்லை, வாயில் வந்தது. அவர் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். வராந்தாவில் அன்று மூன்று நாலு பெண்பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவர் கண் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே போனது, எவள்மேலும் நிற்கவில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்து கண்டக்டர். மனுஷன் லீவு போட்டு வந்திருந்தார், ஆனால் தோளில் அதே தோல் பை. அதற்குள்ளிருந்து பள்ளிக்கூட ரசீதுகளை எடுத்தார். ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் செருகுவார்களே, அப்படி மடித்து வருஷவாரியாக இடது கை விரல் இடுக்குகளில் செருகிக்கொண்டு நின்றார். எல்.கே.ஜி.க்கு ஒரு விரல். நண்பர் கேட்டார், "இந்தப் பெண் பிறந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"வண்டியிலதாங்க இருந்திருப்பேன், டிக்கெட் கிழிச்சிக்கிட்டு. ஆனா அம்மை போட்டப்ப இருபது நாள் லீவுல வீட்டுல இருந்தேன். வேணும்னா டிப்போவுல கேட்டுப் பாருங்க."

இங்கே கைதட்டுகிறீர்கள். கோர்ட்டில் கைதட்ட முடியாது, அதனால் நண்பர் உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டலால் என்ன லாபம்? சட்டம் அந்த அப்பா பக்கம்தான் இருந்தது. சம்மதம் இல்லை, தத்து ஆட்டம் காண்கிறது. இன்னொன்று, அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. வேறு வழக்காறு இல்லாவிட்டால் அந்த வயதுக்கு மேல் இந்தச் சட்டப்படி தத்தே எடுக்க முடியாது. முதல் தத்து உடைந்தால் இதே சட்டத்தில் மறுபடி எழுத வழியில்லை. நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. மறு வாய்தாவில் அந்த அப்பா வழக்கைத் திரும்பப் பெற்றார். அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குடும்பம் பிழைத்தது அவர் மனசு இளகியதால்தான். அடுத்தவர் இளகாவிட்டால்?

கர்ணனைத் தொடாமல் இறங்கினால் இதைப் பேச்சு என்றே ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். பிறப்பு ரகசியத்தைச் சொல்லி, ராஜ்யமும் தருகிறேன் என்று கண்ணன் கூப்பிட்டபோதும், வளர்த்த அதிரதனும் ராதையும்தான் எனக்குத் தாய் தகப்பன் என்றான். அவனுக்கு அப்போது வயது ஏறிவிட்டதால் ஒன்பதாவது பிரிவு குறுக்கே வரவில்லை.

அப்பாக்கள் நியாயத்துக்கு வருகிறேன். எல்லா அப்பாவும் ஓடிப்போனவர் இல்லை. அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில், 1991-இல் பிறந்த ஒரு ஆண் குழந்தை. குழந்தை இறந்துவிட்டது என்று அப்பாவிடம் பொய் சொல்லித் தத்துக் கொடுத்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் வழக்குக்கு வந்தார். 1994-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1995-இல், நாலு வயதில், தொலைக்காட்சிக் கேமராக்கள் பார்க்க, வளர்த்த வீட்டிலிருந்து பிள்ளை கைமாறியது. மரம் வைத்தவன் தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது மரம் பட்டுப்போச்சு என்று சொல்லி அனுப்பிய கதை அது. அங்கே பாவம் அப்பாமேல் இல்லை. கூண்டில் ஏறாத அந்தப் பிள்ளைமேலும் இல்லை.

அதே நாட்டு உச்ச நீதிமன்றம் 1983-இல், லெர் எதிர் ராபர்ட்சன் வழக்கில் வேறு மாதிரி சொன்னது. கல்யாணம் ஆகாத அப்பா. பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டி, அம்மாவின் கணவர் தத்தெடுக்கிறார். அப்பா என்று உரிமை கோருவோர் பேர் கொடுக்க நியூயார்க் மாநிலத்தில் ஒரு பதிவேடு இருந்தது, இவர் கொடுக்கவில்லை. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறு பக்கம். ரத்த உறவு அப்பாவுக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது, பொறுப்பெடுத்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியது அவர் வேலை என்பதுதான் சாரம். அந்த மூன்று பேரின் மறுப்பையும் படிக்க வேண்டும். அம்மாவுக்கு அவர் இருக்கும் இடம் தெரிந்தும் நோட்டீஸ் போகவில்லையே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒன்பதாவது பிரிவைத் திருத்தச் சொல்லி நாங்கள் எழுதியிருக்கும் மனுவில் நோட்டீஸைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். சொத்துரிமை, பன்னிரண்டாவது பிரிவு, அதைத் தொட்டால் இன்று வீட்டுக்குப் போக முடியாது. பேராசிரியர் அம்மா வேறு எனக்குப் பின்னால் பேசக் காத்திருக்கிறார், மன்னிக்க வேண்டும்.

மனுவைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்பதாவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், அந்த மூன்று விலக்குகளோடு நாலாவதாக, "தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் பிள்ளையைக் கைவிட்டவர்" என்று சேர்க்க வேண்டும். அது அப்பாவானாலும் சரி, அம்மாவானாலும் சரி. சும்மா அல்ல, நீதிமன்ற அனுமதியோடு. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு நோட்டீஸ், நாளிதழில் விளம்பரம். ஏமாற்றி மறைத்தார்கள் என்று நிரூபித்தால் அந்த அப்பாவுக்குக் கதவு திறந்தே இருக்கும். உத்தரவு வந்த நாளிலிருந்து ஆட்சேபிக்க ஒரு வருடம், அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்து அல்ல. தண்ணீர் ஊற்றியவன் ராத்திரி நிம்மதியாகத் தூங்கட்டும், நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுக்கப் போகிறோம். தாள்கள் வாசலில் மேஜைமேல் இருக்கின்றன. பேரும் கையெழுத்தும் மட்டும் போதாது, முகவரியைப் பின்கோடோடு எழுதுங்கள். நீதிபதி ஐயா வாசகத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பென்சிலால் குறித்துத் தந்தால், அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடுவோம். நன்றி, வணக்கம்.