ஊர்ல ஆம்பளைங்க எங்க போனாங்க? ஒரு திருநெல்வேலிக் கிராமத்துக் கணக்கு

வணக்கம் மக்கா! உங்க தெருமுனையில மளிகைக்கடை வச்சிருக்காரே அண்ணாச்சி, அவரு ஊர்க் கணக்குல ஒரு ஆள் குறையுது. எப்படின்னு பாப்போம்.

(திரையில்: 1000 ஆண்களுக்கு 1023 பெண்கள்)

இது 2011 சென்சஸ். தென்காசி பிரியாத பழைய திருநெல்வேலி மாவட்டம். அப்ப தமிழ்நாட்டுக்கு 996, இந்தியாவுக்கு 943. "நாங்க பொம்பளப் பிள்ளைகளக் கொண்டாடுற ஊரு"ன்னு உடனே காலரத் தூக்காதீங்க. சென்னைக் கடை, மும்பை தாராவி, வளைகுடான்னு பொழைக்கப் போனவங்களக் கழிச்சா எண்ணிக்கை இப்படித்தான் வரும்.

சரி, ஊர்ல இருக்கவங்க என்ன செய்யுறாங்க? சென்சஸ் நாலு கட்டம் போடுது: சொந்தமாப் பயிர் வைக்கிறவங்க, விவசாயக் கூலி, வீட்டுத்தொழில், மத்த வேலை. இது போக, வருசத்துல ஆறு மாசமாவது வேல பாத்தா ஒரு வகை, அதுக்குக் கீழ போனா இன்னொரு வகை. தாமிரபரணிக் கால்வாய் பாயுற ஊருன்னா காரு, பிசானம்னு ரெண்டு போகம் நெல்லு. குளத்த நம்பியிருக்க ஊர்ல, குளம் பெருகலைன்னா அதே மனுசன் வகை மாறிருவாரு. பனையேறுறவங்க, ஆடு மேய்க்கிறவங்க எல்லாம் இன்னொரு வீடியோ.

இப்ப நான் பேச வந்த விசயம்: பீடி. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் மத்தியானம் எந்தத் தெருவுல நடந்தாலும் திண்ணையில பொம்பளைங்க மடியில சுளகோட (அதாங்க, முறம்) பீடி சுத்திக்கிட்டு இருப்பாங்க. இதுல என்ன வேடிக்கைன்னா, இலை மத்தியப் பிரதேசம், ஒடிசாக் காட்டுல இருந்து வருது. புகையிலைத் தூள் குஜராத், கர்நாடகத்துல இருந்து வருது. நம்ம ஊருது விரல் மட்டும்தான்.

எங்க சித்தி சுத்துறதப் பக்கத்துல உக்காந்து பாருங்க. ராத்திரியே நனைச்சு வச்ச இலைய தகடு வச்சு அளவா வெட்டணும். தூளப் பரப்பி, சுருட்டி, நூல் கட்டி, நுனிய மடக்கணும். 25 பீடி ஒரு கட்டு. ஆயிரம் பீடிக்குத்தான் கூலி பேசுவாங்க. எட்டு மணி நேரத்துல ஆயிரம் முடிக்கணும்னா ஒரு பீடிக்கு 29 விநாடிகூடக் கிடையாது! நான் முயற்சி பண்ணேன். என் பீடி வாழைப்பூ மாதிரி விரிஞ்சுச்சு. சித்தி பிரிச்சு தூள எடுத்துக்கிட்டா. ஏன்னா பீடிக்கடையில கொடுத்த இலையும் தூளும் பத்தலைன்னா நட்டம் அவளுக்கு. சுத்திக் கொண்டுபோனதுல சரியில்லாதத அங்க ஒதுக்கினா அதுவும் அவ தலையிலதான்.

2011ல கணக்கெடுக்க வந்த சார் வாசல்ல நின்னு கேட்டாரு: "நீங்க என்ன வேல பாக்கீங்கம்மா?" கை நிக்காம சுத்திக்கிட்டே சித்தி சொன்னா: "நான் சும்மாதான் சார் வீட்ல இருக்கேன்."

நல்லவேளை, சார் சுளகப் பாத்துட்டாரு. பேனாவத் திருப்பி வீட்டுத்தொழில்னு எழுதினாரு. பாக்காத வாசல் எத்தனையோ! என்னக் கேட்டா, இந்த "சும்மா"வுக்கே தனியா ஒரு கட்டம் போடலாம்.

அடுத்த கணக்கெடுப்பு 2027ல. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வேல செய்யுங்க: நாளைக்குக் கடைக்குப் போறப்ப உங்க அண்ணாச்சிகிட்ட "எந்த ஊரு, வீட்ல யாரு பீடி சுத்துறாங்க"ன்னு கேட்டு கமென்ட்ல போடுங்க. சும்மா கேக்காதீங்க, கால் கிலோ பருப்பாவது வாங்கிட்டுக் கேளுங்க.