பஸாரவைக் கொன்றது அறிவியல் அல்ல

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ரஷ்ய இலக்கியத்துக்கு அறிவியல் உறவா, பகையா என்பது கேள்வி. உறவு என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் துர்கனேவின் 'தந்தையரும் தனயரும்' நாவலோடு வந்தார். அதன் நாயகன், அறிவியலை மட்டுமே நம்பும் மருத்துவ இளைஞன் பஸாரவ். தவளையை அறுத்துப் பார்த்த பஸாரவ், கவிதையை மட்டம் தட்டிய பஸாரவ், கடைசியில் டைஃபஸ் என்ற தொற்றுக் காய்ச்சலில் இறந்தவரின் பிணத்தை அறுக்கும்போது விரலைக் கீறிக்கொண்டு செத்துப்போனான். துர்கனேவ் அறிவியலைத் தண்டித்துவிட்டார் என்றார்.

சரி, அந்த இடத்தை நிதானமாகப் படிப்போம். கீறிய உடனே காயத்தைச் சுட்டுவிட வேண்டும் என்று பஸாரவுக்குத் தெரியும். அதற்கு வேண்டிய வெள்ளி நைட்ரேட் அங்கிருந்த மருத்துவரிடம் இல்லை! வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்பதற்குள் மணிக்கணக்கில் தாமதம். அவனைக் கொன்றது அறிவியலா, அறிவியல் போய்ச் சேராத கிராமமா? அந்த மருந்து இல்லாததைத் துர்கனேவ் ஏன் மெனக்கெட்டு எழுதினார்?

அடுத்து சிறுகதை, நாடக ஆசிரியர் செகாவ். 1884இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தவர். 1890இல், ஏற்கெனவே ரத்தம் துப்பிய உடம்போடு, சைபீரியாவைக் கடந்து சகாலின் கைதித் தீவுக்குப் போனார். வயது, பிறந்த ஊர், தீவுக்கு வந்த ஆண்டு, எழுத்தறிவு என்று கேள்விகள் அச்சடித்த அட்டைகளோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். சுமார் 10,000 அட்டைகள்!

"கணக்கெடுப்பில் என்னய்யா இலக்கியம்?" என்றார் எதிரணி நண்பர். சொல்கிறேன். மேல் அர்முதான் என்ற ஊரில், ஒரு வீட்டில் பத்து வயதுப் பையன் மட்டும் இருக்கிறான். அப்பாவின் முழுப் பெயரைக் கேட்கிறார். தெரியாதாம். கூடவே இருக்கிறவர் பெயர் தெரியாதா என்றால், அவர் நிஜ அப்பா இல்லையாம். அம்மா விதவையாம், புருஷனால்தான் இந்தத் தீவுக்கு வந்தாளாம். எப்படி என்றால், அவரைக் கொன்றுவிட்டாளாம். செகாவ் இதைக் கேள்வியும் பதிலுமாகவே எழுதிவைத்தார். இரக்கம் மட்டும் இருந்திருந்தால் பையன் தலையைத் தடவிவிட்டு நகர்ந்திருப்பார், நடுவர் அவர்களே. அப்பா பெயரைக் கேட்க வைத்தது அந்த அட்டை.

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையும் அல்ல; இலக்கியமும் அறிவியலுக்குக் கொடுத்திருக்கிறது. 1913இல் கணித மேதை மார்க்கவ், கவிஞர் புஷ்கினின் 'யெவ்கெனி ஒனெகின்' காவியத்தில் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் உயிர் எத்தனை முறை, மெய் எத்தனை முறை என்று கையாலேயே எண்ணினார். அடுத்து வருவது இப்போது இருப்பதைப் பொறுத்தது என்று வைத்துப் போடும் நிகழ்தகவுக் கணக்கை இன்று 'மார்க்கவ் சங்கிலி' என்று கல்லூரியில் படிக்கிறோமே, அதை மொழியில் வைத்துக் காட்டிய முதல் கணக்கு அதுதான்.

பகையாளி வீட்டில் போய் உட்கார்ந்து யாராவது 20,000 எழுத்து எண்ணுவார்களா? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் வாதத்தைத் தொடங்கட்டும்.