குப்பைக்கீரையை கையில எடுத்துப் பார்த்தா

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில இருக்கறவங்க அந்தக் கட்டுல இருந்து ஆளுக்கு ஒரு செடியா எடுத்துக்கிட்டு மிச்சத்தை பின்னாடி தள்ளிவிடுங்க, வேரோட பிடுங்கினது, மண்ணு ஒட்டியிருக்கும், பரவாயில்ல. குப்பைக்கீரை. யாரும் இதுக்கு பாத்தி கட்டறதில்ல, விதை தூவறதில்ல, ஒரு நல்ல மழை பேஞ்சா போதும், எருக்குழி மேடு, மாட்டுக்கொட்டகை ஓரம், வரப்பு, காலி பிளாட்னு எங்க பார்த்தாலும் நிக்கும். நான் இன்னைக்கி சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதாங்க: விவசாயி எந்த குணத்துக்காக இதை களைன்னு திட்டுறாரோ அதே குணம்தான் இதை நல்ல கீரையா வச்சிருக்கு, செடியை கையில வச்சு பொறுமையா பார்த்தா அது உங்களுக்கே தெரியும்.

மொதல்ல இலை நுனியைப் பாருங்க. கூரா முடியாம நடுவுல லேசா உள்வாங்கி சின்னதா ஒரு வெட்டு இருக்கா? காம்பு நல்ல நீளமா இருக்கும், சில இலைக்கு இலை நீளத்துக்கே காம்பு இருக்கும். இப்போ காம்பு தண்டோட சேர்ற இடத்துல விரலால தடவுங்க. எதுவும் குத்தலைன்னா குப்பைக்கீரை, அறிவியல் பேரு அமராந்தஸ் விரிடிஸ், செடிங்களுக்கு பேர் வச்ச தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1763ல பேர் வச்சது. அந்த இடத்துல ஜோடி ஜோடியா முள்ளு குத்துச்சுன்னா அது முள்ளுக்கீரை, அமராந்தஸ் ஸ்பைனோசஸ், அதுக்கு 1753லயே பேர் வச்சுட்டார். முள்ளுக்கீரையும் இளசா இருக்கும்போது சாப்பிடறதுதான், பறிக்கிறவங்க விரலுக்குத்தான் கஷ்டம். சந்தையில வாங்கற தண்டுக்கீரையும் இதே அமராந்தஸ் பேரினம்தான், குடும்பத்தை இன்னும் கொஞ்சம் விரிச்சா பீட்ரூட்டும் பாலக்கும் உள்ள வந்துரும். சில செடியில தண்டு சிவப்போடி இருக்கும் பாருங்க, அந்த சிவப்பு செம்பருத்தியில இருக்கற ஆந்தோசயனின் இல்ல, பீட்ரூட்ல இருக்கற பீட்டாலைன் வகை. இந்த ரெண்டு நிறமியும் இயற்கையில ஒரே செடியில சேர்ந்து இருக்கறதே இல்லைங்கறது தாவரவியல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

அடுத்து வெயில். சித்திரை வெயில்ல பக்கத்துல இருக்கற செடியெல்லாம் வாடி நிக்கும்போது இது மட்டும் கிடுகிடுன்னு வளரும், ஏன்? நெல்லு மாதிரி செடிங்க காத்துல இருந்து கரியமில வாயுவைப் பிடிக்க ரூபிஸ்கோன்னு ஒரு நொதியை நேரடியா நம்பியிருக்கு, வெப்பம் ஏறுச்சுன்னா அந்த நொதி கரியமில வாயுவுக்குப் பதிலா ஆக்சிஜனையும் பிடிச்சுக்கும், அப்போ செடி செஞ்ச வேலையில ஒரு பங்கு வீணாப் போகும். குப்பைக்கீரை சி4 செடி. இது கரியமில வாயுவை மொதல்ல வேற ஒரு நொதியால பிடிச்சு நாலு கார்பன் உள்ள அமிலமா மாத்தி, இலை நரம்பைச் சுத்தி வளையமா நிக்கிற தடிச்ச செல்லுக்குள்ள கொண்டுபோய் விடுது, அங்க ரூபிஸ்கோவைச் சுத்தி கரியமில வாயு அடர்த்தியா இருக்கறதால ஆக்சிஜன் தொந்தரவு குறைஞ்சுடுது. இலைத்துளையை ரொம்பத் திறந்து வைக்க வேண்டாம், தண்ணியும் மிச்சம். மக்காச்சோளம், கரும்பு மாதிரி புல் வகையில இது சாதாரணம், ஆனா இருவித்திலைச் செடியில, அதுவும் ஒரு கீரையில, இந்த ஏற்பாடு இருக்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல. வேகமா வளர்றதாலதான் இலை இளசா கிடைக்குது, வேகமா வளர்றதாலதான் பயிரையும் அமுக்குது.

பூ எங்கன்னு கேக்கறீங்களா, நுனியில பச்சையா கதிர் மாதிரி நிக்குதே அதுதான். ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி, ஆனா ஒரே செடியிலயே இருக்கும். அல்லி வட்டம்னு தனியா கிடையாது, மூணு சின்ன பச்சை இதழ்தான், ஆண்பூவுல மூணு மகரந்தக் கேசரம், மகரந்தத்தை பெரும்பாலும் காத்துதான் கொண்டு போகும். ஒரு பெண்பூவுக்கு ஒரு விதை. காய்தான் இதுல முக்கியமான அடையாளம், அமராந்தஸ்ல நிறைய இனத்துக்கு காய் முத்துனா குங்குமச்சிமிழ் மாதிரி நடுவுல வட்டமா வெட்டிக்கிட்டு மூடி கழண்டுரும், விரிடிஸ்ல காய் திறக்காது, மேல்தோல் சுருக்கம் சுருக்கமா இருக்கும், அப்படியே முழுசா உதிரும். உள்ள இருக்கற விதை கருப்பா பளபளன்னு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு செடியே ஆயிரக்கணக்குல கொட்டும், கொட்டினது மண்ணுக்குள்ள வருஷக்கணக்குல தூங்கும், உழவு ஓட்டி மேல வந்து வெளிச்சம் பட்டா முளைச்சிரும்.

இப்போ கணுவைப் பாருங்க. நுனிமொட்டு ஆக்சின்னு ஒரு ஹார்மோனை கீழ அனுப்பி கணுவுல இருக்கற பக்கமொட்டெல்லாம் வளராம அடக்கி வச்சிருக்கு. நுனியைக் கிள்ளிட்டா அந்த அடக்குமுறை போயிடும், கணுவுக்கு கணு தளிர் வரும். இதை நம்ம ஆளுங்க எப்பவோ கவனிச்சிருக்காங்க, புறநானூறு 159வது பாட்டுல புலவர் பெருஞ்சித்திரனார் தன் வீட்டு வறுமையை வள்ளல் குமணன்கிட்ட சொல்றார், அவர் மனைவி குப்பைக்கீரையில ஏற்கெனவே கொய்த கணுவுல திரும்பக் கிளைச்ச முற்றாத தளிரைப் பறிச்சு, உப்பு இல்லாம, மோர் இல்லாம, சோறுங்கறதையே மறந்து வெறும் கீரையை வேகவச்சு சாப்பிடறாங்க. பாட்டுல வர்ற கீரைக்கு இன்னைய லத்தீன் பேரை ஒட்ட நான் வரல, ஆனா திரும்பத் திரும்ப கொய்த செடிங்கறதை கணுவை வச்சே காட்டிட்டாரே, அந்தப் பசியும் அதுலயே தெரிஞ்சிடுதே, எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

களை எடுக்கப் போற பொம்பளைங்க சாயங்காலம் மடியில கீரையோடதான் வீட்டுக்கு வருவாங்க. எது குப்பைக்கீரை எது தொய்யக்கீரைன்னு புத்தகம் இல்லாம அவங்களுக்குத் தெரியும். இப்போ களைக்கொல்லி அடிக்கிற காட்டுல அந்த மடிக்கீரை இல்ல, பறிச்சாலும் திங்க முடியாது, இது எனக்கு பெரிய வருத்தம். சரி, மருந்தால இந்த இனத்தை ஒழிச்சுட முடியுதான்னா அதுவும் இல்ல, அமெரிக்காவுல இதோட சொந்தக்காரச் செடி பால்மர் அமராந்த், ஜார்ஜியா மாநிலத்து பருத்திக் காட்டுல கிளைபோசேட்ங்கற களைக்கொல்லி அடிச்சும் சாகலைன்னு 2005லயே உறுதியாயிடுச்சு. இந்தப் பக்கம் ஜமைக்காவுல குப்பைக்கீரையை கல்லலூன்னு சொல்லி பயிர் பண்ணியே சமைக்கிறாங்க.

கடைசியா பறிக்கிற விஷயம், இதை மட்டும் கவனமா கேளுங்க. சாக்கடை ஓரம், ரோட்டோரம், மருந்தடிச்ச வயல் மூணுலயும் தொடாதீங்க, இந்தச் செடி மண்ணுல இருக்கற காட்மியம் மாதிரி உலோகத்தையெல்லாம் இழுத்து இலையில சேர்த்துக்கும். உரம் அதிகமான இடத்துல நைட்ரேட்டும் ஏறும், மாடு அதிகமா தின்னா ஆபத்து. ஆக்சலேட் இருக்கறதால கிட்னி கல் உள்ளவங்க டாக்டரைக் கேட்டுட்டு சாப்பிடுங்க, மத்தவங்களும் நெறய தண்ணியில வேகவச்சு அந்தத் தண்ணியை வடிச்சா ஆக்சலேட்ல கொஞ்சம் போயிடும். பருப்பு சேர்த்துக் கடைங்க, தாளிக்க எண்ணெய் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, இலையில இருக்கற பீட்டா கரோட்டினை உடம்பு ஏத்துக்கறதுக்கு கொழுப்பு வேணும். கதிர் விடறதுக்கு முன்னாடி நுனி மட்டும் கிள்ளுங்க, கதிர் வந்துட்டா தண்டு நார் அடிச்சிரும். விதைக்காக ரெண்டு செடியை மட்டும் கிள்ளாம விட்டு காயை முத்த விடுங்க. இப்போ யாருக்காவது உங்க கையில இருக்கற செடியில முள்ளு குத்துச்சுன்னா கையைத் தூக்குங்க, கட்டுல ஒண்ணு ரெண்டு முள்ளுக்கீரையும் கலந்துதான் வச்சிருக்கேன்.