திமிங்கிலத்தின் கணுக்கால்

நேயர்களுக்கு வணக்கம். சுறாவும் திமிங்கிலமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், சுறா மீன்; திமிங்கிலம் குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. நீரைக் கிழித்து நீந்த வேண்டிய தேவை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே வடிவத்தைத் தந்துவிட்டது. மூதாதையிடமிருந்து வந்த ஒற்றுமை எது, தனித்தனியே வாய்த்த ஒற்றுமை எது என்று பிரித்தறிவதில்தான் உயிரினங்களின் உறவுமுறையை ஆராய்வோருக்குப் பெரும்பாடு.

ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950ஆம் ஆண்டில் இதற்கொரு நெறி வகுத்தார். முதுகெலும்பு இருப்பதைக் காட்டிப் பூனையும் புலியும் நெருங்கிய உறவென்று வாதிட இயலாது. தவளைக்கும் அது உண்டு. ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றி, அதன் வழிவந்தவற்றிடம் மட்டும் காணப்படும் பண்பே சான்றாகும் என்றார் அவர்.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போரும் இவ்வாறே சிந்திப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். இரு பிரதிகளில் சரியான பாடம் ஒத்திருப்பதால் அவற்றின் உறவைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால்தான், இரண்டும் ஒரே ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதப்பட்டவை என்ற எண்ணம் வலுப்பெறுகிறது.

டி.என்.ஏ.விலும் அத்தகைய இடங்கள் உண்டு. படியெடுக்கப்பட்டு, மரபுத்தொகுதியின் வேறோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் சிறு துணுக்குகள் இருக்கின்றன. செருகிய துணுக்கு சுவடின்றி நீங்குவது அரிது. தொடர்பில்லாத இரு இனங்களில் தற்செயலாக அதே இடத்தில் செருகுவதும் அரிது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், திமிங்கிலமும் நீர்யானையும் சில துணுக்குகளை ஒரே இடங்களில் கொண்டிருப்பதையும், பசு, பன்றி, ஒட்டகம் ஆகியவற்றில் அதே இடங்கள் வெறுமையாக இருப்பதையும் கண்டனர். பல்லமைப்பைக் கொண்டு நெடுங்காலம் பன்றியோடு சேர்க்கப்பட்டிருந்த நீர்யானை, திமிங்கிலத்தின் மிக நெருங்கிய உறவாகிவிட்டது.

புதைபடிவ ஆய்வாளர் பலர் இதை எளிதில் ஏற்கவில்லை. அழிந்துபோன குளம்புடைய ஊனுண்ணிகளின் பற்கள் தொல்திமிங்கிலங்களின் பற்களை ஒத்திருந்ததால், அவற்றையே திமிங்கிலத்தின் உறவாகக் கருதி வந்தனர். பாகிஸ்தானில் கண்டெடுக்கப்பட்ட, கால்களுடன் வாழ்ந்த தொல்திமிங்கிலங்களின் எலும்புகள் பற்றிய ஆய்வுகள் 2001இல் வெளிவந்த பின்னரே நிலைமை மாறியது. மாடு, மான், பன்றி, நீர்யானை போன்ற இரட்டைக் குளம்பிகளின் கணுக்காலில் ஓர் எலும்பு மேலும் கீழும் கப்பிபோல் குழிந்திருக்கும். ஏனைய பாலூட்டிகளில் மேல்முனை மட்டுமே அவ்வாறு அமைந்திருக்கும். அந்த இரட்டைக் கப்பி தொல்திமிங்கிலங்களிடமும் இருந்தது. இன்றைய திமிங்கிலத்துக்கோ பின்னங்காலே இல்லை. அதன் உடலை எத்தனை கவனமாக அறுத்துப் பார்த்திருந்தாலும் இந்தச் சான்று கிடைத்திருக்காது.